இன்னும் ஒண்ணு வை, அண்ணா

அந்தரன் என்ற வில்லனுக்கு முகம் கொடுத்தவள் மசி. பத்து விரலிலும் எப்போதும் மையோடு திரிந்ததால் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாளடைவில் வீட்டில் கணவனும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டான். வாராவாரம் வெளிவரும் சித்திரக்கதைப் பத்திரிகை ஒன்றில் ஏழு வருடமாக அவள் அந்தரனை வரைந்துகொண்டிருந்தாள்.

அந்தரன் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளில் பேருந்துகளைத் தாண்டிக் காட்டிய சாகசக்காரன். கைதட்டிக் கைதட்டிக் கூட்டத்துக்குச் சலித்துப்போக, அவனுக்கும் சலித்துப்போனது. உயிர் பதறாத நாளை நாள் கணக்கிலேயே சேர்க்கமாட்டான். வங்கிக்குள் புகுந்து பெட்டகத்தைத் திறப்பான். ஒரு நோட்டைக்கூடத் தொடமாட்டான். காவலர்கள் வரும்வரை காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்து, அவர்கள் கண்ணெதிரே பதினான்காவது மாடியிலிருந்து பாய்வான். கதையில் நாயகன் என்று ஒருவனும் இருந்தான். அவனுக்கு ஒரு கடிதம் வந்தால் அந்தரனுக்குப் பத்து வரும்.

இப்படிப்பட்டவனை எழுதிய கதாசிரியரோ பூனை குறுக்கே வந்தால்கூட வழிவிட்டு நிற்கிற ரகம். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்குவார். எதிரே யாராவது வேகமாக ஏறினால், "மெதுவா, மெதுவா" என்பார். அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் "மெதுவா சார்" என்றே பெயர். இந்த மனிதரின் மண்டைக்குள் அந்தரன் எப்படிக் குடியேறினான் என்று பிழை திருத்துபவர் அடிக்கடி வியப்பார். வல்லெழுத்து மிகுமா மிகாதா என்று நாள் முழுக்க மல்லுக்கட்டியதால் "ஒற்று" என்று பெயர் வாங்கியவர் அவர்.

"வீட்டுல அடங்கிப்போறவங்கதான் பேனாவை எடுத்தா பேயாட்டம் ஆடுவாங்க" என்பார் ஒற்று. கதாசிரியருக்கு வீட்டில் அடங்கிப்போவதற்கும் யாருமில்லை. தனி ஆள். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தார்.

ஒரே ஒரு முறை மசிக்குச் சின்னதாக ஏதோ உறுத்தியது. அந்தரன் ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு வண்டியோடு பாயும் பக்கத்தை அவள் வரைந்து கொடுத்தபோது, கதாசிரியர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இப்படிப் பாய்ஞ்சா செத்துப்போவான்மா."

"ஏன் சார்? நல்லா வேகமாத்தானே இருக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கால் அகட்டி உட்கார்ந்தார். அடுத்த நொடி அவர் முதுகு வில்லாக வளைந்தது. முட்டி இரண்டும் நாற்காலியின் முதுகை இறுக்கின. "முட்டியால டேங்கைக் கவ்வணும். உட்காரக் கூடாது, நிக்கவும் கூடாது. முன்சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. இறங்கற இடத்தை மட்டும்தான் பார்க்கணும்." சொல்லும்போது குரலே வேறாக இருந்தது. எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் வைத்ததும் பழைய மெதுவா சார் ஆகிவிட்டார்.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"ஏதோ புத்தகத்துல படிச்சது."

படித்திருப்பார் என்று மசியும் விட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து, அந்தரன் ஏன் இப்படி ஆனான் என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு முதலாளி நச்சரித்ததில், கதாசிரியர் அவனுடைய கடந்த காலத்தை எழுதினார். எட்டுப் பக்கம். வழக்கமாக ஒரே மூச்சில் எழுதித் தருகிறவர், இதற்கு நாலு வாரம் எடுத்துக்கொண்டார்.

கதை இதுதான். அந்தரனுக்கு ஒரு தங்கை. "இரட்டைத் தும்பி" என்று இருவரும் சேர்ந்து செய்யும் சாகசம் ஒன்று. அவன் வண்டியை ஓட்ட, தங்கை பின்பக்கம் திரும்பி, அவன் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, மஞ்சள் துணியைக் கூட்டத்துக்கு வீசிக் காட்டியபடி பறப்பாள். வரிசையாக எட்டுப் பேருந்து. ஒருநாள், வண்டி கிளம்பும் நேரத்தில் தங்கை தலையைச் சாய்த்து அண்ணன் காதில், "இன்னும் ஒண்ணு வை, அண்ணா" என்கிறாள். ஒன்பதாவது பேருந்து வருகிறது. வண்டியின் பின்சக்கரம் மறுபக்கத்து இறங்குபலகையின் விளிம்பில் இடிக்கிறது. தங்கை கீழே விழுந்து இறந்துபோகிறாள். அன்றிலிருந்து அந்தரனுக்கு எதிலும் பயமில்லை.

மசிக்கு ஒரு இடம் மட்டும் இடித்தது. "சார், இவ இப்படிக் கேட்பாளா? பின்னாடி திரும்பி உட்கார்ந்திருக்கா. முன்னாடி என்ன நிக்குதுன்னே அவளுக்குத் தெரியாது. எந்தத் தங்கச்சி இன்னும் ஒண்ணு வைன்னு சொல்லுவா?"

கதாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "சொல்லுவா. அவளுக்கும் அந்த வெறி இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இருக்கும்னு சொல்றேன். அப்படி இருந்தாத்தாம்மா கதை நிக்கும்."

தங்கையின் முகத்தை மட்டும் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். மூக்கு சரியில்லையாம். "கொஞ்சம் இடது பக்கம் கோணணும். கொஞ்சம்தான்." இறந்துபோகப்போகிற பாத்திரத்தின் மூக்குக்கு இத்தனை பாடா என்று மசி அலுத்துக்கொண்டே வரைந்தாள். அந்த வாய்க்கு ஒரு குறும்புச் சிரிப்பும் வைத்தாள். மேலே பேச்சுக் குமிழியில் தன் கையாலேயே எழுதினாள்: இன்னும் ஒண்ணு வை, அண்ணா. காற்புள்ளி ஒற்று சேர்த்தது.

இதழ் வந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஒரு பெண்மணி படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் தடி, தோளில் துணிப்பை. ஒரு கால் தரையில் விழும் சத்தமும் மறு கால் விழும் சத்தமும் வேறுவேறாக இருந்தன.

"அந்தரன் கதை எழுதறவரைப் பார்க்கணும்."

"கையெழுத்து வாங்கவா?" என்றார் ஒற்று, தலையைத் தூக்காமல்.

"இல்லை. சண்டை போட."

ஒற்று தலையைத் தூக்கினார். கதாசிரியர் கீழே அச்சுக்கூடத்தில் இருப்பதாகவும், இப்போது வந்துவிடுவார் என்றும் சொல்லிவிட்டு, மசி அடுத்த அறைக்குப் போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டாள். பெண்மணி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பையிலிருந்து அந்த இதழை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தை மேஜைமேல் பிரித்தார்.

"இந்தப் பொண்ணை யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"மூக்கு அப்படியே வந்திருக்கு."

"எந்த மூக்கு?" என்றபடி மசி நிமிர்ந்தாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிரே, ஒரு முழம் தூரத்தில், அதே மூக்கு. இடது பக்கம் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் கோணியிருந்தது. மூன்று தடவை அழித்து அழித்து அவள் வரைந்த கோடு, சதையும் எலும்புமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மசியின் கையிலிருந்த தூரிகை நழுவி, பாதி முடிந்த பக்கத்தில் விழுந்து கறையாக்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"கால் வெக்கற இடத்துக்குப் போயிருந்தேன்" என்றார் பெண்மணி. "வருஷத்துக்கு ஒரு தடவை கட்டைக்காலைச் சரிபண்ணிக்கணும். அங்க மேஜைமேல இது கிடந்தது. காத்திருக்கறப்ப சும்மா புரட்டினேன். பார்த்தா, மஞ்சத் துணி. இரட்டைத் தும்பி. அந்தப் பேரை வெச்சதே நான்தாம்மா. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, எனக்குப் பத்தொன்பது வயசு அப்போ." விரலைப் பேச்சுக் குமிழியின்மேல் வைத்தார். "மூக்கு சரி. துணி சரி. வாய்தான் தப்பு. இதை நான் சொல்லவே இல்லை."

என்ன கேட்பது, எதிலிருந்து கேட்பது என்று மசிக்குத் தெரியவில்லை. தான் நக்கலடித்த, தான் தேநீர் ஊற்றிக் கொடுத்த, படியில் மெதுவா மெதுவா என்று இறங்கும் அந்த மனிதர்...

அந்த நேரம் பார்த்துக் கதாசிரியர் அச்சுப்படிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இரண்டு அடி வைத்தார். நின்றார். பெண்மணியைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் எதுவுமே நடக்கவில்லை. பிறகு ரத்தம் கீழே இறங்குவது மசிக்குக் கண்ணால் பார்க்க முடிந்தது. நெற்றி, கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாக வெளுத்தது. அச்சுப்படிகள் சரசரவென்று சரிந்து தரையெல்லாம் பரவின. ஒற்று பதறி எழுந்து நாற்காலியை நீட்டினார். கதாசிரியர் அதில் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"செத்துட்டே" என்றார். "நீ செத்துட்டே."

"யார் சொன்னது?"

"மெக்கானிக். உன் பக்கத்துல மண்டிபோட்டு உட்கார்ந்து, தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தினான். போயிடுச்சு, போயிடுச்சுன்னு."

பெண்மணி அவரையே பார்த்தார். பிறகு தடியின் நுனியால் தன் வலது முழங்காலுக்குக் கீழே தட்டினார். டொக், டொக் என்று மரச் சத்தம் கேட்டது.

"இது போயிடுச்சுன்னு சொன்னாரு."

கீழே அச்சு இயந்திரம் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல். அதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் முப்பத்தோரு வருடம் ஓடியிருக்கிறார்.

"ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், அண்ணா" என்றார் பெண்மணி. இப்போதுதான் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். "நான் கண்ணைத் திறந்துதான் இருந்தேன். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம ஓடறதைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். உதவிக்கு ஆளைக் கூட்டிட்டு வர ஓடறேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் அப்படித்தான் நெனச்சேன்."

கதாசிரியர் கை நீட்டினார். "தொடாதே" என்றார் பெண்மணி. கை அந்தரத்திலேயே நின்றது.

"அம்மா?"

"போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் என்னை உன்னைத் திட்டவிடலை. அவனுக்கு என்ன ஆச்சோ, எங்க அடிபட்டுக் கிடக்கானோன்னு. அதே பாட்டு."

கதாசிரியர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. ஒற்று தண்ணீர் ஊற்றினார். பாதி மேஜையில் போனது.

"அழுதது போதும், இதுக்குப் பதில் சொல்லு" என்று பெண்மணி இதழை அவர் மடியில் போட்டார். "ஒன்பதாவது வண்டியை யாரு வெக்கச் சொன்னது?"

"நான்தான்."

"எப்போ?"

"நீ ஏறித் திரும்பி உட்கார்ந்ததுக்கப்புறம். ஆளுங்ககிட்டக் கையைக் காட்டினேன். தள்ளிட்டு வந்து வெச்சாங்க."

"மைக்குல சொன்னாங்களாம். எஞ்சின் சத்தத்துல எனக்குக் கேட்கலை. நான் எட்டுன்னுதான் நெனச்சேன். காத்துல இருக்கறப்ப மனசுக்குள்ள எண்ணுவேன், தெரியுமா உனக்கு? எட்டு எண்ணி முடிச்சுக் காலை இறுக்கினேன். தரை வரலை." அவர் குரல் முதல் முறையாக உடைந்தது. "நீ வெச்சே. சரி. வயசு அது, வெறி, கூட்டம் கத்துச்சு. அதைக்கூட நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா நான் கேட்டேன்னு ஏன் எழுதினே?"

கதாசிரியர் மடியில் கிடந்த இதழை மூடினார்.

"அப்படி நெனச்சாத்தான் தூங்க முடிஞ்சுது" என்றார். "முதல்ல சும்மாதான் நெனச்சுப் பார்த்தேன். ஒருவேளை அவளே கேட்டிருந்தா, அப்படின்னு. தினமும் நெனச்சேன். அப்புறம் ஒருநாள் பார்த்தா, உன் குரலே கேட்க ஆரம்பிச்சுடுச்சு. காதுக்குப் பக்கத்துல. இதை எழுதும்போது நான் பொய் எழுதறேன்னே தோணலை. சத்தியமா தோணலை. நீ இப்ப வந்து நின்னப்புறம்தான்..."

மசி அந்தக் குமிழியைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அவள் வைத்த சிரிப்பு. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் வாயில் அவள் சொல்லாத வார்த்தையைப் போட்டு, ஊரெல்லாம் வாசிக்கக் கொடுத்தது தன் விரல்கள்தான் என்று நினைத்தபோது, ஓங்கி அறைந்தது போலிருந்தது. விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா, நானும்தான் போட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ கேட்டியாமே, இவ இப்படிச் சொல்வாளான்னு?"

"யார் சொன்னது?"

பெண்மணி ஒற்றைக் காட்டினார். "நீ நாற்காலி எடுக்கப் போனப்ப, கதை யாரு சொல்றது, யாரு மாத்தறதுன்னு விசாரிச்சேன். நீ மட்டும்தான் கேள்வி கேட்டியாம்."

அன்று மாலை மசி வீட்டுக்குப் போனபோது, பேருந்து ஓட்டும் அவள் கணவன் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கறே?" என்றான்.

"ஒரு பஸ்ஸு எவ்வளவு அகலம்?"

"ரெண்டரை மீட்டர். ஏன்?"

அவள் அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே நடந்து பார்த்தாள். இரண்டரை மீட்டர்கூட முழுதாக இல்லை. அலமாரி இடித்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஒரு கட்டிலும் அலமாரியும் போடுகிற இடம். அதைத்தான் கதாசிரியர் தங்கையிடம் சொல்லாமல் சேர்த்தார். நடந்ததையெல்லாம் கணவனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டான். அன்று பணிக்குத் தாமதமாகப் போனான்.

கதாசிரியர் பதினோரு நாள் வரவில்லை. மசி மருந்துக் கடை மாடிக்கே போய்க் கதவைத் தட்டினாள். சவரம் செய்யாத முகத்தோடு திறந்தார். அறையில் கட்டிலும் மேஜையும் தவிர ஒன்றுமில்லை. சுவரில் படம்கூட இல்லை.

பதினோரு நாளாக மனதில் கிடந்ததை அவள் கேட்டுவிட்டாள். "அந்தரன் நீங்கதானா சார்?"

"நானா?" அவர் தலையை ஆட்டினார். "அவன் எவ்வளவோ மேலம்மா. எதைச் செஞ்சாலும் காவல்காரங்க வர்ற வரைக்கும் நிப்பான். நிக்கற மாதிரி ஒருத்தனை எழுதிப் பார்த்தேன். வேற என்ன?"

மசிக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, அருவருப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "நாளைக்கு வாங்க சார்" என்றாள். "அக்கா வர்றாங்க. திருத்தம் போடணும்னு முதலாளிகிட்டப் பேசிட்டேன். நீங்க எழுதலைன்னா நான் எழுதிடுவேன்."

முதலாளி முதலில் எகிறிக் குதித்தார். பிறகு, செத்த தங்கை திரும்பி வந்தால் இதழ் பறக்கும் என்று யாரோ சொன்னதும் குளிர்ந்தார். தங்கை வாராவாரம் புதன்கிழமை வந்து மசியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: ஒன்பது மாத ஆஸ்பத்திரி, முதல் கட்டைக்கால், தையல் இயந்திரத்தை ஒற்றைக் காலால் மிதிக்கப் பழகியது, இப்போது பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்கும் தையல் கூடம். கதாசிரியர் மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து எழுதினார். ஒரு வரி பிசகினால், "அப்படி இல்லை" என்பார் தங்கை. அவர் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். ஏழு வருடத்தில் யார் சொல்லியும் ஒரு வரி மாற்றாதவர்.

பாயும் காட்சியைத் திரும்ப வரைய வேண்டிய நாளில் மசி கேட்டாள், "நிஜமா என்னக்கா சொன்னீங்க, கிளம்பும்போது?"

தங்கை யோசிக்கவே இல்லை. "சீட்டு சுடுது, சீக்கிரம் போன்னு சொன்னேன். நல்ல வெயில்."

மறுகோடியில் பேனா நின்றது. கதாசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அன்றுதான் அவர் அழுதார். தங்கை பார்க்காதது போல இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதை வந்தபிறகு கடிதங்கள் மூட்டையாக வந்தன. முதலாளி நினைத்தது போல இல்லை. பாதிப் பேர் அந்தரனைத் திட்டியிருந்தார்கள். "இவனையா இத்தனை நாள் ரசித்தோம்" என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். இதழோடு இலவசமாக வந்த அந்தரன் முகமூடியை அனுப்பி வைத்து, இனி வேண்டாம் என்று எழுதியிருந்தார் இன்னொருவர். விற்பனை சரிந்தது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். கதாசிரியர் ஒரு கடிதம் விடாமல் எல்லாவற்றையும் படித்தார்.

இன்னும் நான்கு இதழ்களில் அந்தரன் கதை முடிந்தது. அவன் பாயவில்லை, தப்பவில்லை. தானாகக் காவலர்கள் முன் போய் நின்றான். வாசகர்களில் பலருக்கு அது சப்பென்று இருந்தது. மசிக்கோ அந்தக் கடைசிப் பக்கத்தை வரைய லேசில் கை வரவில்லை. சிரிப்பு இல்லாமல் அந்தரனின் முகத்தை அவள் வரைந்ததே கிடையாது.

கடைசிப் புதன்கிழமை தங்கை பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, கதாசிரியர் வாசல் வரை கூடவே போனார். ஏதோ கேட்க வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"என்ன?" என்றார் தங்கை.

"ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா?"

தங்கை படியில் ஒரு கால் வைத்தபடி யோசித்தார். மன்னித்த முகமாக அது இல்லை என்று மசிக்குத் தோன்றியது. விரட்டுகிற முகமாகவும் இல்லை.

"வர்றதுன்னா வா" என்றார். "ஆனா முன்கூட்டியே சொல்லிட்டு வா."